வளைவில் நின்றவரும் என் முதல் பத்தியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்வதாக நினைக்க வேண்டாம்; அடக்கம் எனக்கு வராத கலை. ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்குச் சர்க்கரை வருகிறது, முட்டி வலி வருகிறது, சிலருக்கு பக்தி வருகிறது. எனக்குக் கருத்து வந்தது. கல்யாணச் செலவிலிருந்து கருவேல முள் வரைக்கும் எல்லாவற்றைப் பற்றியும் என்னிடம் ஒரு கருத்து இருப்பதையும், அது எனக்குள்ளேயே கிடந்து புளித்துப்போவதால்தான் நாடு உருப்படாமல் கிடப்பதையும் ஒரு நாள் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததோடு விட்டிருக்கலாம். எழுதத் தொடங்கினேன்.

எனக்கும் எழுத்துக்கும் அதுவரை இருந்த உறவு, கடையில் பில் போடுவது மட்டும்தான். வீடு பெரம்பலூரில், வேலை அரியலூரில். அங்கே ஒரு மோட்டார் கடையில் விற்பனை பார்க்கிறேன். போருக்குள், அதாவது ஆழ்துளைக் கிணற்றுக்குள், இறக்குகிற மோட்டார். விக்கிரமங்கலத்திலிருந்து ஒருவர் வந்து நின்றால், "எத்தனை அடி போட்டிருக்கீங்க, தண்ணி எதுல நிக்குது" என்று கேட்பேன். அதைக் கேட்காமல் மோட்டாரைக் கையில் கொடுக்கிறவன் வியாபாரியே இல்லை. இதைக் கடையில் ஒழுங்காகச் செய்கிற நான், கடைக்கு வெளியே செய்யவில்லை என்பதுதான் இங்கே நான் சொல்லப்போகிற சங்கதி.

என் சிநேகிதன் ஒருவன் பெரம்பலூரில் அச்சகம் வைத்திருக்கிறான். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பேனர் எல்லாம் அடிப்பான். ஆசைக்காக ஒரு மாத இதழும் நடத்துகிறான். அதில் பாதி விளம்பரம், கால்வாசி பிறந்தநாள் வாழ்த்து, மிச்சம் செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காய நிலவரம். ஒரு நாள் டீக்கடையில் வைத்து என்னைப் பிடித்தான்.

"யோவ், காதுகுத்து விளம்பரம் ஒண்ணு நின்னு போச்சு. தாய்மாமனுக்கும் அப்பனுக்கும் சண்டையாம். ஒரு பக்கம் காலியாக் கெடக்கு. நீதான் ஓயாம பேசிக்கிட்டே இருக்கியே, அதையே எழுதிக் குடு."

"எதப் பத்தி?"

"எதப் பத்தியாவது. வாழ்க்கை, சமுதாயம், அந்த மாதிரி. ஆனா ஒரு பக்கத்தத் தாண்டாத. அடுத்த பக்கத்துல நகைக்கடை இருக்கு."

இப்படித்தான் நான் பத்தி எழுத்தாளன் ஆனேன். ஒரு குழந்தையின் காது குத்தப்படாமல் போனதால்.

பத்திக்கு ஒரு பெயர் வேண்டும். எந்தக் கருத்தும் உள்ளே வரலாம், எதுவும் வெளியே போகலாம், தடுப்பு கிடையாது. அப்படிப்பட்ட திறந்த மனசைக் காட்டுகிற பெயராக இருக்க வேண்டும் என்று இரண்டு ராத்திரி யோசித்து, 'கதவில்லாத வீடு' என்று வைத்தேன். என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"நாய் வந்து படுத்துக்கும்," என்றாள்.

படமும் போட வேண்டும் என்றான் அச்சகத்தான். சிந்திக்கிற மாதிரி இருக்கட்டும் என்று கன்னத்தில் கைவைத்து எடுத்துக்கொண்டேன். இதழ் வந்தபிறகு, வேப்பந்தட்டையிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் அச்சகத்துக்கு போன் செய்து, அந்த ஆளுக்குப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டதா என்று விசாரித்தாராம்.

முதல் பத்திக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம், ஒரு வளைவு.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையில் எந்த வளைவு என்று மட்டும் சொல்ல மாட்டேன். ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்தச் சாலையில் ஆள் செத்திராத வளைவு என்று ஒன்றுமே கிடையாது. ஆகையால் எல்லா வளைவிலும் மெதுவாகவே போய்விடுங்கள், தேடுகிற வேலை மிச்சம். சிமெண்ட் லாரிகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும் ஓய்வில்லாமல் ஓடுகிற சாலை அது. ஓரத்துப் புளியமரங்கள்கூடப் பவுடர் பூசிக்கொண்டு நிற்கும். நான் சொல்கிற வளைவில் ஒரு பக்கம் சின்னதாக ஒரு டீக்கடை. எதிர்ப்பக்கம் கருவேலங்காடு. அதற்குப் பின்னால் கல்லெடுத்து விட்டுப்போன பழைய பள்ளம், பச்சைத் தண்ணீர் தேங்கி, அசையாமல் கிடக்கும்.

அந்த வளைவில் ஒருவர் நிற்கிறார் என்பது அந்தச் சாலையில் ஓடுகிற எல்லோருக்கும் தெரிந்த செய்தி. பனியன் போட்டுக்கொண்டு, தோளில் துண்டோடு, வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாராம். பொழுது சாய்கிற நேரத்தில்தான். அதனால் லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் வந்துவிட்டது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பார்கள். நீளமாக ஒரு ஹாரன் கொடுப்பார்கள். ஒரு பீடியைப் பற்றவைக்காமலே ஓரத்தில் போட்டுவிட்டு, மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்து கடப்பார்கள். பஸ்ஸும் அப்படித்தான். ஊர்க்கதை பேசிக்கொண்டு வருகிற ஜனங்கள் அந்த இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வார்கள். போனில் சண்டை போட்டுக்கொண்டு வருகிறவன்கூட, "இரு, அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவான். அந்த அமைதியில்தான் பஸ் திரும்பும்.

பகுத்தறிவோடு இதை ஆராய்வது என்று முடிவு செய்தேன். ஒரு நாள் கடை முடிந்து வருகிற வழியில், பொழுது சாய்கிற நேரமாகப் பார்த்து, வண்டியை ஓரம் கட்டிவிட்டு வளைவில் போய் நின்றேன். அரை மணி நேரம் நின்றதாகவும், கொசுவைத் தவிர யாரும் பேட்டி தரவில்லை என்றும் பத்தியில் எழுதினேன். உண்மையில் அவ்வளவு நேரம் நிற்கவில்லை. இரண்டு லாரிகளுக்கு நடுவில் சில சமயம் சாலை முழுக்கக் காலியாகிவிடும். அப்போது வருகிற நிசப்தம் வேறு மாதிரியானது. சத்தம் இல்லாத மாதிரி இருக்காது. யாரோ சத்தம் போடாமல் இருக்கிற மாதிரி இருக்கும். கழுத்துக்குப் பின்னால் குறுகுறுத்தது. திரும்பிப் பார்த்தேன், பள்ளத்துத் தண்ணீர்தான். மறுபடியும் குறுகுறுத்தது. வண்டியை எடுத்தவன் பேரளி ஊரைத் தாண்டித்தான் மூச்சே விட்டேன்.

ஆனால் இதை எழுதவில்லை. எழுதியது வேறு. 'பேய்க்கு ஒரு பேட்டி' என்று தலைப்பு. ஏன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறீர்கள் என்று நான் கேட்கிறேன். "பஸ் நிற்குமென்று பார்க்கிறேன். இங்கே ஸ்டாப்பிங் கிடையாது என்று உயிரோடு இருக்கும்போதே ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்" என்கிறது பேய். பீடி வசதியெல்லாம் எப்படி என்று கேட்கிறேன். "எல்லாம் ஒரே ரகம். ஆளுக்கு ஒரு தீப்பெட்டியும் போட்டால் நன்றாயிருக்கும்" என்கிறது. இப்படியே ஒரு பக்கம். கடைசியில், பத்தி என்றால் கனமாக முடிய வேண்டுமே என்று ஒரு வரி: 'பயத்தில் வேகத்தைக் குறைக்கிற சமூகம் ஒரு நாளும் ஊர் போய்ச் சேராது.'

அந்த வரியை எழுதிவிட்டு நானே எழுந்து நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அவ்வளவு பிடித்திருந்தது.

இதழை வாங்கிப் படிக்கிறவர்கள், விளம்பரம் கொடுத்தவர்கள் மட்டும்தான். அதோடு போயிருக்கும். ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பேட்டியை ஏற்ற இறக்கத்தோடு தன் குரலில் படித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். பேய்க்கு ஒரு குரல், எனக்கு ஒரு குரல். நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது. லாரிக்காரர்களின் குரூப்பில் அது கைக்குக் கை போனது. சுற்றிச் சுற்றி என் மச்சான் மூலமாக எனக்கே வந்தது: "மாமா, இதக் கேளுங்க, எவனோ ஒரு கிறுக்கன் எழுதியிருக்கான்."

அந்த மாதம் நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மோட்டார் வாங்க வந்தவரிடம்கூட ஆழத்தைக் கேட்பதற்கு முன்னால் அவருடைய சிந்தனைகளைக் கேட்டேன்.

பிறகு ஒரு சாயங்காலம். வண்டி பஞ்சர் என்பதால் அரியலூரிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். டிரைவருக்குப் பக்கத்து சீட். அவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"சார், நீங்கதான அந்தப் பல்லு வலி?"

"நான்தாங்க."

"என்னா பேட்டி சார். எங்க டெப்போல பொஸ்தகத்தயே வாங்கி வச்சு எல்லாரும் சிரிச்சிக்கிட்டே கெடந்தோம். இப்ப பாருங்க."

வளைவு வந்தது. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. ஹாரனும் இல்லை. பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, போய்விட்டது. பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

"பாத்தீங்களா சார், ஒண்ணும் இல்ல."

ஜனங்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தேன். சாலை ஓரத்தில் ஒரு கிழவர். தார் ரோட்டில் ஒரு கால் வைத்துவிட்டிருந்தார். பஸ்ஸின் காற்றில் அவர் வேட்டி முழுக்கப் பின்னால் பறந்தது. ஆடுகள் நாலு பக்கமும் சிதறின. டீக்கடையிலிருந்து ஒரு பெண் கையில் கரண்டியோடு ஓடி வந்துகொண்டிருந்தார். வாய் பெரிதாகத் திறந்திருந்தது, சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அந்தக் கிழவர் பஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு எதுவும் நடக்காத மாதிரி, ஆடுகள் ஏன் ஓடுகின்றன என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நொடிதான். பஸ் கடந்துவிட்டது. ஆனால் அந்த நொடி என்னோடு வீட்டுக்கு வந்தது. கதவுதான் இல்லையே. சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் பறக்கிற வேட்டி. கடையில் மோட்டாரை ஓட்டிக் காட்டினால், அந்தச் சத்தத்துக்கு அடியில் அந்தப் பெண்ணின் கேட்காத சத்தம். அடுத்த மாதத்துக்கு வரதட்சணை பற்றி எழுத உட்கார்ந்தேன். முதல் வரியே வரவில்லை. காகிதத்தில் கோடு கோடாக வளைவு போட்டுக்கொண்டிருந்தேன்.

நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு அந்த டீக்கடையில் போய் இறங்கினேன்.

அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கலாம். போண்டா போட்டுக்கொண்டிருந்தார். கடையில் வேறு ஆள் இல்லை.

"டீ ஒண்ணு குடுங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"பல்லு வலிக்கு சூடாக் குடிக்கலாமா?"

"என்னைத் தெரியுமாங்க?" என்றேன்.

"ஒரு டிரைவரு அந்தப் பொஸ்தகத்தக் கொண்டாந்து படிச்சுக் காட்டுனாரு. நேத்து அதுலதான் போண்டா மடிச்சுக் குடுத்தேன்." டீயை ஆற்றிக் கையில் கொடுத்தார். "பேட்டியில நல்லாப் பேசுனாரு. உசுரோட இருந்தப்ப அம்புட்டுப் பேச மாட்டாரு."

டம்ளர் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"அவரு உங்க..."

"வூட்டுக்காரரு. பால் ஊத்திட்டு வந்தாரு. இங்கதான் தாண்டுனாரு." அவர் கையைக் காட்டிய இடம், நான் அன்றைக்குப் பகுத்தறிவோடு நின்ற இடம். "பீடியெல்லாம் போடுறாங்க, பாவம். அவரு பீடியே குடிக்க மாட்டாரு."

அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. எண்ணெயில் போண்டாவைத் திருப்பிவிட்டுக்கொண்டே, ஏதோ பக்கத்து வீட்டுச் செய்தி சொல்கிற மாதிரி சொன்னார். கணவர் செத்தபிறகு வேகத்தடை போடச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறார்கள். போட்டார்கள். லோடு வண்டிக்கு ஆகவில்லை என்று எடுத்துவிட்டார்கள். தகர டிரம் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு லாரி அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் போட்டது. அதன்பிறகு ஒரு நாள், பொழுது சாய்கிற நேரத்தில், ஒரு டிரைவர் நடுங்கிக்கொண்டு கடைக்கு வந்து தண்ணீர் கேட்டிருக்கிறார்.

"யாரோ கையத் தூக்கிக்கிட்டு நின்னாங்கம்மா, பிரேக் அடிச்சேன், எறங்கிப் பாத்தா ஆளக் காணோம்னாரு. பனியன் போட்டிருந்தாங்க, தோள்ல துண்டுன்னாரு. நான் ஆமான்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அந்த ஆமாவ அவுங்களே கொண்டுட்டுப் போயி எல்லாத்துக்கும் சொல்லிக்கிட்டாங்க."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"எனக்கு எங்க நேரம்? அடுப்பு இந்தப் பக்கமால்ல இருக்கு." போண்டாவை வடித்து எடுத்துக்கொண்டே சொன்னார்: "மாமாவுக்குக் காது சுத்தமாக் கேக்காது சார். ஆடு அந்தப் பக்கம்தான் மேயிது. காலையில வெளிச்சத்துல போயிருவாரு, வண்டிக்காரங்களுக்கு ஆள் தெரியும். திரும்பி வாரதுதான் பொழுதோட. போவாதீங்கன்னு சாடை காட்டுனா ஆட்டக் காட்டுறாரு. எங்க வூட்டுக்காரரு நின்ன வரைக்கும் எல்லாம் மெதுவாப் போனாங்க. மாமா பாட்டுக்கு வருவாரு, நான் பாட்டுக்கு போண்டா போட்டேன். இப்ப வண்டிச் சத்தம் கேட்டா கரண்டியோட ஓடுறேன். எத்தன நாளைக்கு ஓட முடியும், சொல்லுங்க."

அந்தக் கிழவர், செத்தவரின் அப்பா. மகன் இப்படி நிற்பதாக ஊரெல்லாம் பேசுகிறதே, அது அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"யாரு சொல்லுவா? சாடையில சொல்ற சங்கதியா அது?"

நான் அன்றைக்கு இரண்டு போண்டா தின்றேன். ஒரு சமூகத்தைப் பயத்திலிருந்து விடுவித்தவன் நான். அந்தப் பயம் எத்தனை அடி ஆழம், அதில் யார் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்காமலேயே விடுவித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எழுத்தால் கெட்டதை எழுத்தாலேயே சரிசெய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அடுத்த பத்தியில், 'நான் தவறாகச் சொல்லிவிட்டேன், அந்த வளைவில் ஒருவர் நிற்கிறார், நானே பார்த்தேன், தயவுசெய்து மெதுவாகப் போங்கள்' என்று எழுதி அச்சகத்தானிடம் கொடுத்தேன். படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"போன மாசம் இல்லன்ன. இந்த மாசம் இருக்குங்கிற. திறந்த மனசுன்னா இதானாய்யா?"

"போடுய்யா. ஒரு உசுரு சம்பந்தப்பட்டது."

போட்டான். ஜனங்கள் போன மாதத்தைவிட அதிகமாகச் சிரித்தார்கள். 'பேய்க்குப் பயந்து மன்னிப்புக் கேட்டுவிட்டார்' என்று எனக்குப் பாராட்டுகள் வந்தன. ஒருவர் கைகொடுத்து, "உங்களால மட்டும்தான் சார் மூஞ்சிய இவ்வளவு சீரியஸா வச்சுக்கிட்டு காமெடி பண்ண முடியும்" என்றார். வாழ்நாள் முழுக்கக் கோமாளியாக இருந்துவிட்டு ஒரு நாள் மட்டும் நிஜம் பேசினால் இதுதான் கதி. சாலையில் ஒரு வண்டியும் வேகத்தைக் குறைக்கவில்லை.

ஆகவே, கடையில் கெஞ்சிக் கூத்தாடி கொஞ்சம் முன்னாலேயே கிளம்ப அனுமதி வாங்கிக்கொண்டு, பொழுது சாய்கிற நேரத்தில் நானே அந்த வளைவில் போய் நிற்க ஆரம்பித்தேன். முதல் நாள், கடை யூனிபார்ம் சட்டையோடு, போலீஸ்காரர் மாதிரி இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி லாரிகளை நிறுத்தப் பார்த்தேன். ஒருவன் என் அம்மாவை விசாரித்தான். இன்னொருவன் என் மீது வெற்றிலை எச்சில் துப்பினான். உயிரோடு இருக்கிறவன் கையைக் காட்டினால் அந்தச் சாலையில் யாரும் மதிப்பதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

டீக்கடைக்குப் போய், முகத்தைக் கழுவிக்கொண்டே கேட்டேன்: "ஏம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அவரு மாதிரி நான் நிக்கட்டுமா?"

அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என்னைப் பார்த்தார். நான் கேட்டதிலேயே அதிகநேரம் யோசித்துப் பதில் வந்தது அந்தக் கேள்விக்குத்தான்.

"துண்ட எடது தோள்ல போடுங்க," என்றார்.

மறுநாள் சட்டையைக் கழற்றி வண்டியில் மாட்டிவிட்டு, பனியனோடு, இடது தோளில் துண்டோடு, ஒரு கையை மட்டும் தூக்கி, ஆடாமல் அசையாமல் நின்றேன். வளைவைத் திரும்பிய முதல் லாரி கிறீச்சென்று பிரேக் அடித்தது. நீளமாக ஹாரன். ஊர்ந்து என்னைக் கடந்தது. டிரைவர் என் பக்கம் திரும்பாமலே கும்பிட்டார். அந்த இடைவெளியில் கிழவர் ஆடுகளோடு, அவர் பாட்டுக்கு, சாலையைத் தாண்டிப் போனார்.

சீக்கிரமே பேச்சு பரவிவிட்டது. டீக்கடையில் நான் சட்டையோடு உட்கார்ந்திருக்கும்போது ஒரு டிரைவர் அந்தப் பெண்ணிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

"இல்லங்குறது பொய்யிம்மா. நானே பாத்தேன். ஆனா முன்ன ஒல்லியாத்தான் நிக்கும்பாங்க. இப்ப நல்லா தொப்பையும் தொந்தியுமா நிக்கிது."

"அங்க சோறு நல்லாப் போடுறாங்க போல," என்றார் அவர், போண்டாவை எடுத்துக்கொண்டே.

வீட்டில் என் மனைவி பனியனைத் தூக்கிப் பிடித்து, "மோட்டாருதான விக்கிறீங்க, எங்கேர்ந்து வருது இவ்வளவு சிமெண்டு?" என்றாள். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன், சாயங்காலமானால் பேயாக நிற்கிறேன் என்று. "வூட்லயும் அப்படித்தான நிக்கிறீங்க," என்று பனியனைத் துவைக்கப் போட்டாள். ஆனால் மறுநாள் கிளம்பும்போது, நான் கேட்காமலேயே ஒரு பழைய துண்டைத் துவைத்து மடித்துப் பையில் வைத்திருந்தாள்.

சிரிப்பாகத்தான் இருந்தது, அங்கே போய் நிற்கும்வரை. நின்றபிறகு சிரிப்பு வராது. வளைவைத் திரும்பி வருகிற விளக்கு வெளிச்சம் மேலே விழுகிற நேரத்தில், நம் உடம்பு நமக்கே தெரியாது. கையைத் தூக்கியிருக்கிறோமா, இறக்கிவிட்டோமா என்று தெரியாது. வெள்ளையாக ஒரு சுவர் ஓடி வரும், அவ்வளவுதான். அந்த ஆள் கடைசியாகப் பார்த்தது இதைத்தான் என்று தினமும் ஒரு முறை நினைப்பேன். அந்த ஆளை நான் பேட்டி கண்டிருக்கிறேன். அவர் வாயில் நான் போட்ட வசனங்கள் ஒவ்வொன்றும் அந்த வெளிச்சத்தில் எனக்கு ஞாபகம் வரும். பஸ் ஸ்டாப்பிங் என்று எழுதினேனே, அது முக்கியமாக வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதற்கு என்னிடம் கருத்து எதுவும் கிடையாது. கொஞ்ச நாள் போனபிறகுதான் கவனித்தேன், நான் அந்த இடத்தில் நடுவாக நிற்பதே இல்லை. வலது பக்கம் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் தினமும் நின்றிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை. நானும் நினைத்துச் செய்யவில்லை. நடுவாக நகர்ந்து நிற்கலாம் என்று ஒரு நாள் முயன்றேன். கால் போகவில்லை. அப்புறம் சில சாயங்காலங்களில், லாரி வளைவைத் திரும்புவதற்கு முன்பே, நான் கையைத் தூக்குவதற்கு முன்பே, வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீளமாக ஹாரன் கேட்கும். பழைய பேச்சு திரும்பி வந்துவிட்டது, வழக்கமும் திரும்பி வந்துவிட்டது, அதனால்தான் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொள்வேன். புத்திக்கு அந்த விளக்கம் போதும். கழுத்துக்குப் பின்னால்தான் போதவில்லை.

கிழவர் என்னோடு பழகிவிட்டார். நான் எதற்காக அங்கே பனியனோடு நிற்கிறேன் என்று அவர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. காற்று வாங்குகிறேன் என்று நினைத்திருக்கலாம். காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரலில் அவர் பேசுவார். பேச்சு முழுக்க ஆடும் பீடியும்தான்.

"இந்த லாரிக்காரனுவோ இருக்கானுவளே, கையில ஒரு பிடிமானம் கெடையாது. இந்த எடத்துக்கு வந்தா பீடியத் தவற விட்டுர்றானுவோ. நடுவுல கொஞ்ச நாளு ஒண்ணுமே கெடக்கல, நானே காசு குடுத்துல்ல வாங்குனேன். இப்ப மறுபடி கெடக்குது." குனிந்து ஒன்றை எடுத்து ஊதிக் காதில் செருகிக்கொள்வார். எனக்கும் ஒன்று நீட்டுவார்.

எனக்கு ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. எல்லா நாளும் என்னால் நிற்க முடியாது. காய்ச்சல் வரும், கல்யாணம் வரும், கடையில் ஸ்டாக் எடுப்பார்கள். நான் இல்லாத ஒரு நாள், புதிதாக ஓட்ட வந்த ஒருவன் இந்தப் பேச்செல்லாம் தெரியாமல் திரும்பினால் என்ன ஆகும். இந்த மனிதர் வலது பக்கம் இடது பக்கம் பார்க்காமல் தாரில் கால் வைக்கிறவர். குறைந்தபட்சம் பார்த்துத் தாண்டுங்கள் என்றாவது அவருக்குப் புரியவைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

ஒரு சாயங்காலம், ஒரு லாரி ஊர்ந்து கடந்து, அவரும் ஆடுகளும் பத்திரமாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்தபிறகு, அவரை நிறுத்தினேன். சாலையைக் காட்டினேன். ஸ்டியரிங் பிடித்து லாரியாக மாறி வேகமாக ஓடினேன். பிறகு அவராக மாறி, கோலை ஊன்றிக்கொண்டு, எதையும் பார்க்காமல் நடந்தேன். பிறகு மறுபடி லாரி. கண்ணைப் பெரிதாக விரித்து, நெஞ்சில் கை வைத்து, உடம்பெல்லாம் நடுங்குகிற மாதிரி நடித்துக் காட்டி, 'உங்களுக்குப் பயமே இல்லையா?' என்று கையை விரித்தேன். என் நடிப்பில் இரண்டு ஆடுகள் மிரண்டு டீக்கடைக்குள் ஓடிவிட்டன.

அவர் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தார். ஆடுகளைத் திருப்ப கோலைத் தூக்கிக்கொண்டே சொன்னார்:

"அதான் எம்மவன் நிக்கிறான்ல."